மணல் எழுத்தும் உப்புத்தாள் எழுத்தும்

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேரும் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் ஓலையும் எழுத்தாணியும் கிடைத்துவிடாது. தரையில் பரப்பிய மணல்தான் முதல் ஏடு. ‘ஆனா, ஆவன்னா’ என்று உரக்கச் சொல்லியபடி விரலால் எழுதிப் பழக வேண்டும். வாத்தியார் ஒருவர், பிள்ளைகளோ பல வயதினர். எனவே தேறிய பையன் சட்டாம்பிள்ளை ஆனான். சின்னவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் அவர்களைக் கட்டி மேய்ப்பதும் அவன் பொறுப்பு.

சென்னை எழும்பூரில் 1789-இல் ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண்பிள்ளைகளுக்காக ஓர் அனாதை இல்லம் தொடங்கப்பட்டது. அதை நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பார்த்த மணல் எழுத்தைத் தம் இல்லத்திலும் புகுத்த நினைத்தார். ஆசிரியர்கள் மசியவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற 8 வயது மாணவனிடம் வேலையை ஒப்படைத்தார், அவன் செய்துகாட்டினான். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இந்த வழியை 1797-இல் லண்டனில் பெல் நூலாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ பிரிட்டனெங்கும் பரவியது. ஏழைப் பிள்ளைகளுக்கு மலிவாகக் கல்வி தரும் வழியைத் தேடிய நாட்டுக்கு, சம்பளமில்லாத சட்டாம்பிள்ளைகள் வாகாக அமைந்தார்கள்.

ரோமாபுரியின் சான் லொரென்சோ குடியிருப்பில் 1907-இல் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்கு இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி பள்ளி திறந்தார். அங்கும் எழுத்தை விரல்தான் முதலில் கற்றது. உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்தைக் குழந்தை தடவித் தடவி உணர்ந்தது. ஆனால் கூட்டாகக் கத்துவதில்லை, முந்து என்று விரட்டுவாரும் இல்லை. எதை எடுப்பது, எத்தனை முறை செய்வது என்பதெல்லாம் குழந்தையின் விருப்பம். ஆசிரியர் பெரும்பாலும் கவனிப்பவர் மட்டுமே.

அந்த மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னைக்கே வந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்க, பிரிட்டிஷ் அரசு அவர் மகன் மரியோவைக் காவலில் வைத்தது. மாண்டிசோரியின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. மகன் விடுதலையான பின் இருவரும் கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கி, பல வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்துக் கற்பித்தார்கள். சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்தே நிறையக் கற்றார்கள்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், மாண்டிசோரியிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. கற்றல் அட்டைகளும், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகையும் வந்தன. வகுப்பு, குழுக்களாகப் பிரிந்து பாயில் உட்கார்ந்தது. ஆசிரியர் துணையோடு கற்பவர்கள் ஒரு குழு, தாமே கற்பவர்கள் இன்னொன்று. சக மாணவரிடம் கேட்டுக் கற்பவர்களுக்கும் தனிக் குழு இருந்தது.