நிபோங் திபால்: பள்ளிப் பெயர்களில் ஓர் ஊர் வரலாறு

ஊர் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது நம் வழக்கம். மலாயா மண்ணுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் கல்வெட்டு எதையும் விட்டுச் செல்லவில்லை. கப்பல் கணக்கிலும் கூலிக் கணக்கிலும் அவர்கள் வெறும் எண்களாய் நின்றுவிட்டனர். ஆயினும் அவர்கள் வாழ்ந்த இடங்களில் இன்றும் படிக்கத்தக்க சான்று ஒன்று உண்டு. அது தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகை. பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில் உள்ள நிபோங் திபால் என்னும் சிறு நகரைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஜார்ஜ் டவுனிலிருந்து கடல் கடந்து பெருநிலத்தை அடைந்து, தெற்கே சென்றால் கிரியான் ஆற்றங்கரையில் இவ்வூர் தோன்றும். நிபோங் என்பது சதுப்பு நிலத்தில் கொத்துக் கொத்தாக வளரும் முட்பனை. திபால் என்னும் மலாய்ச் சொல் அடர்த்தியைக் குறிக்கும். ஊர் எழுமுன் இங்கு நிலம் எவ்வாறு இருந்தது என்பதை அதன் பெயரே உணர்த்துகிறது.

பினாங்குத் தீவு 1786-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. எதிர்க்கரை நிலத்தை 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, அதற்குக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் பெயரைச் சூட்டியது. இன்று அது செபராங் பிறை எனப்படுகிறது. இங்கு முதலில் கரும்பு பயிரிட்டவர் தியோச்சியூ சீனர். பத்து காவான் அவர்களுடைய பழைய களம். 1840-களில் இவ்விடத்துச் சர்க்கரைக்கு இங்கிலாந்தில் சுங்கவரிச் சலுகை கிடைத்தவுடன் ஐரோப்பிய முதலாளிகளும் இறங்கினர். தாழ்ந்த சதுப்பில் கரும்பு விளைய வேண்டுமானால் வாய்க்கால் வெட்டி, வரப்பு உயர்த்தி, நீரை வடிக்க வேண்டும். அந்த மண்வெட்டிகளைப் பிடிக்கவே நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர்.

இனிப் பெயர்ப்பலகைகளைப் படிப்போம். பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்பதில் வரும் 'பத்து' எண் அன்று. மலாய் மொழியில் கல். பைராம் என்பது யார்க்‌ஷயரில் ராம்ஸ்டன் குடும்பத்தார் வாழ்ந்த மாளிகையின் பெயர். இங்குக் கரும்புத் தோட்டங்களை வைத்திருந்த எட்வர்ட் ஹார்ஸ்மன் என்னும் ஆங்கில அரசியல்வாதி அக்குடும்பத்தில் பெண்ணெடுத்தவர். வால்டோர் என்பது 'பொன் பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர். டிரான்ஸ்கிரியான் என்றால் கிரியானுக்கு அப்பால். 1874-இல் பங்கோர் உடன்படிக்கை தென்னெல்லையைத் திருத்தியபோது ஆற்றுக்கு அப்பாலுள்ள நிலம் பினாங்கோடு சேர்ந்த செய்தியை அப்பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது. சீனர் உழைப்பு, ஆங்கிலேயர் மூலதனம், அரசியல் எல்லை ஆகிய மூன்றையும் சுமந்து நிற்பவை தமிழ்ப்பள்ளிகளே!

ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. ரப்பருக்கு விலை ஏறியதால் கரும்பும் மறைந்தது. கங்காணிகள் ஆள் திரட்டினர், குடும்பங்கள் வந்தன, லயங்களில் குழந்தைகள் பெருகினர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கிராணியோ கங்காணியோ வாத்தியாராகப் பணியாற்றிய பள்ளிகள் பல.

தோட்டம் இன்றி நிபோங் திபால் நகரம் இல்லை. விடியற்காலைப் பெரட்டு, பால்வெட்டு, ஆயாக்கொட்டகை என்று நாள்கள் தோட்டத்திற்குள்ளேயே கழியும். சம்பளம் போட்டபின் வரும் ஞாயிறன்றுதான் நகரம் விழித்தெழும். சீனர் மளிகைக் கடையின் பற்றுவரவு நோட்டில் பழைய கடன் தீரும், புதிய கடன் ஏறும். தோட்டத்துத் தமிழிலேயே விலை சொல்லும் சீனக் கடைக்காரரும், உணவுக்கடை வைத்த தமிழ் முஸ்லிம்களும், ஆற்றுமீன் கொணரும் மலாய்க்காரரும் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்தனர். மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டத்தை விட்டுப் போனவரும் திரும்பி வருவர்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர், மீளாதவரும் பல்லாயிரவர். 1948 ஜூனில் கலிடோனியா தோட்டத்தில் ஜான் ராம்ஸ்டன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை பாழடைந்து நிற்கிறது. பேய் பார்க்க வருவோர் பலர். லயங்கள் இருந்த இடத்தைப் பார்க்க வருவார் எவருமிலர்.

பின்னர் ரப்பரை அகற்றி எண்ணெய்ப் பனை வந்தது. பத்து காவானில் தொழிற்பேட்டை எழுந்தது. 2014-இல் இரண்டாம் பினாங்குப் பாலம் அங்கே கரையேறியது. மக்கள் அடுக்ககங்களுக்குச் சிதறினர். தோட்டம் மறைந்த பின்னும் 'தோட்டம்' என்னும் சொல் பள்ளிப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனைப் பழைமையென்று நீக்கிவிடலாமே என்பார் உளர். நீக்கினால் இவ்வட்டாரத்தில் நம்மவர் உழைத்தமைக்கான கடைசிப் பொதுச் சான்றும் நீங்கும்.

பெயர்ப்பலகையினும் சிறந்த சான்று ஒன்று பள்ளி அலமாரியில் உறங்குகிறது. அதுவே சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் ஆகியவற்றை அதில் காணலாம். ஒரே வாரத்தில் இருபது பிள்ளைகள் விலகியிருந்தால் அங்கே ஒரு தோட்டம் கைமாறியதோ என்று வரலாற்று மாணவன் வினவலாம். முன்னர் யான் பணியாற்றிய பள்ளியொன்று இடம் மாறியபோது, கரையான் அரித்த பழைய பதிவேடுகளைக் குவித்து எரித்தோம். தீக்குச்சி கிழித்தவன் யானே. அன்று குப்பையென்று எண்ணினேன். அதிலிருந்த பெயர்களை இனி எங்கும் தேடிப் பெற இயலாது.

எனவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியின் பழைய பதிவேட்டை இந்த விடுமுறையில் எடுத்துத் தூசி தட்டுங்கள்; பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவரை அருகில் அமர்த்தி, அப்பெயர்களைப் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நிபோங் திபாலின் வரலாற்றை அங்கிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும்.