சில்லுகளின் சுதந்திரமும் கட்டுப்பாடும்: வேகக் கார்களின் டிபரன்சியல் வரலாறும் பழுதறிதலும்

அரசுகளுக்கும் போர்களுக்கும் வரலாறு எழுதுவது போலப் பொறிகளுக்கும் வரலாறு எழுதப்படுதல் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின் அவ்வாறு எழுதப்படுவனவற்றுட் பல, கண்டுபிடித்தவர் பெயரையும் ஆண்டையும் நிரற்படுத்துவதோடு நின்றுவிடுகின்றன. ஒரு பொறியின் கடந்த காலத்தை அறிவதால் அதனை இன்று கையாள்பவனுக்கு விளையும் பயன் யாது என்ற வினா எழுப்பப்படுவது அரிது. அவ்வினாவை எழுப்புதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, வேகக் கார்களில் அமைந்துள்ள, சில்லுகளின் வழுக்கலை மட்டுப்படுத்தும் டிபரன்சியல் ஆகும். இதன் பழுதை அறிய முற்படுவோன் இதன் வரலாற்றை அறியாதிருப்பின், நல்ல உறுப்பைப் பழுதென்று கழிக்கவும், பழுதுற்றதை நன்றெனக் கொள்ளவும் நேரும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலிற் பொது டிபரன்சியலின் இயல்பை நோக்குவோம். வாகனம் வளைவில் திரும்பும்போது வெளிச்சில்லு கடக்கும் தூரம் உட்சில்லு கடக்கும் தூரத்திலும் அதிகமாகும். இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பின் ஏதேனும் ஒன்று வீதியில் உரைந்து இழுபட வேண்டும். இக்குறையைப் போக்கும் பற்சில்லுத் தொகுதியைப் பிரான்சு நாட்டவரான ஒனெசிபோர் பெக்கர் 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்கென உரிமைப்பதிவு செய்தார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877 இல் இத்தகைய அமைப்பை முச்சில்லு மிதிவண்டியிற் பயன்படுத்தினார். மோட்டார் வாகனம் தோன்றியபோது அது இவ்வமைப்பை ஆயத்தமாகவே பெற்றுக்கொண்டது.

இவ்வமைப்பு இரு சில்லுகளுக்கும் வேகத்திற் சுதந்திரம் அளிக்கிறது. முறுக்குவிசையையோ இரண்டிற்கும் சமமாகவே பகிர்கிறது. இச்சமத்துவமே அதன் வலுவீனமுமாகும். ஒரு சில்லு சேற்றிலோ பனியிலோ பிடிப்பை இழக்குமாயின், அச்சில்லு தாங்கக்கூடிய சிறு விசையளவே உறுதியான தரையில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் கிடைக்கும். முன்னது வீணே சுழலப் பின்னது அசையாது நிற்கும். வயற்சேற்றிற் புதையும் உழவு இயந்திரத்தில் இரு சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டும் மிதி அமைக்கப்பட்டிருப்பது இதனாலேயே. எனினும் கடின வீதியில் அவ்வாறு பூட்டி ஓடுதல் இயலாது; வாகனம் திரும்ப மறுக்கும். சுதந்திரம், பிணைப்பு என்னும் இவ்விரு எதிர்முனைகளுக்கும் இடையே ஒரு சமரசம் வேண்டப்பட்டது.

அச்சமரசத்தின் தேவையை மிகக் கூர்மையாக உணர்த்தியது ஜேர்மனியின் ஓட்டோ யூனியன் பந்தயக் காராகும். 1934 முதல் 1937 வரை நிலவிய கிராண்ட் பிரீ விதி, காரின் வெற்று எடை 750 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. எஞ்சினின் அளவை அது வரையறுக்கவில்லை. நாற்சி அரசின் மானியமும் சேர்ந்துகொள்ளவே எஞ்சின்களின் வலு விரைந்து உயர்ந்தது. பேர்டினண்ட் போர்ஷே வடிவமைத்த பதினாறு சிலிண்டர்க் கார் 1934 இல் ஏறத்தாழ 295 குதிரைவலுவையும், 1936 இல் ஏறத்தாழ 520 குதிரைவலுவையும் பெற்றிருந்தது. இத்துணை வலுவை இரு ஒடுங்கிய பின் ரயர்கள் தாங்கவேண்டியிருந்தது. வளைவில் எடை வெளிப்புறம் சாய, உட்சில்லு இலேசாகி வழுக்கியது. மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்திலும் இவ்வழுக்கல் நிகழ்ந்தது என்பர்.

இங்கு வரலாற்று மாணவர் கவனத்திற்குரியது, பழுது அறியப்பட்ட முறையாகும். கடிகாரப் பொறியாற் சுழலும் தாள்வட்டொன்றைக் காரிற் பொருத்தி, ஓட்டத்தின்போது எஞ்சினின் சுழற்சி வேகத்தை அதிற் பதிவுசெய்தனர். கார் ஒடுங்கிய வளைவுகளிலிருந்து வெளிப்படுகையில் உட்பின்சில்லு வீணே சுழல்வதைப் பொறியியலாளர் இத்தகைய ஆய்வினாற் கண்டறிந்தனர். எஞ்சினின் சுழற்சி உயர்ந்தும் காரின் வேகம் அதற்கேற்ப உயராவிடின் இடையில் எங்கோ விசை கசிகிறது என்பது பெறப்படும். சாரதியின் உணர்வு ஒரு சான்று. தாளின் கோடு மற்றொரு சான்று. இரண்டையும் ஒப்புநோக்கியே காரணம் துணியப்பட்டது. இதன் விளைவாகப் பிரீட்ரிக்ஸ்ஹாபனைச் சேர்ந்த இசட்.எப். நிறுவனம் அமைத்துக்கொடுத்த டிபரன்சியல் 1935 ஆம் ஆண்டுப் பந்தயப் பருவத்தின் இறுதியிற் பயன்பாட்டிற்கு வந்தது. எனவே, இவ்வுறுப்பு பந்தயக் கார்களுக்கு வந்ததே ஒரு பழுதறிதலின் பயனாகத்தான் எனலாம்.

இசட்.எப். அமைப்பில் சறுக்கும் முளைகள், அலைவடிவான இரு வளையங்களுக்கிடையே இயங்கின. உராய்வே அதன் உயிர்; உராய்வே அதன் தேய்வுக்கும் காரணம். தேயத் தேய அது சத்தமின்றிப் பொது டிபரன்சியலின் இயல்பை நோக்கிச் சென்றது. சாரதிக்குத் தெரிவது, வளைவின் முடிவில் உட்சில்லு மீண்டும் வழுக்கத் தொடங்குவது மாத்திரமே.

இரண்டாவது மரபு அமெரிக்காவில் வளர்ந்தது. 1956 இல் பக்கார்ட் கார்களிலும், தொடர்ந்து 1957 இல் செவ்ரலே கார்களிலும் உராய்வுத் தட்டுகளைக் கொண்ட வகை விற்பனைக்கு வந்தது. இவ்வகையில் எஞ்சினின் விசை மிகுந்தோறும் தட்டுகள் ஒன்றோடொன்று இறுகுகின்றன. பல அமைப்புகளில் விசையில்லாத வேளையிலும் வில்கள் ஓரளவு முன்னழுத்தம் தருகின்றன. இதன் பழுதுகள் இருவகைப்படும். தட்டுகள் தேயின் அல்லது வில்கள் தளரின் உட்சில்லு வழுக்கும். நேர்வீதியில் விசையுடன் புறப்படும்போது இரு ரயர்களுக்குப் பதிலாக ஒரு ரயரின் கருந்தடம் மாத்திரம் வீதியிற் பதியும். மாறாக, மெதுவாக ஒடுங்கித் திரும்பும்போது பின்னச்சு முனகி நடுங்குமாயின், தட்டுகள் சீராகச் சறுக்காது பற்றியும் விட்டும் இயங்குகின்றன எனக் கொள்ளலாம். இதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணெயே. இவ்வகைக்கு உராய்வைச் சீராக்கும் சேர்க்கை கலந்த எண்ணெய் வேண்டும். பொது எண்ணெயை இட்டுவிட்டு உறுப்பைக் குறைகூறல் பொருந்தாது. உரிய எண்ணெயை மாற்றி, வெளியான இடத்தில் எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் மெதுவாகச் சிலமுறை ஓட்டியபின்னும் நடுக்கம் நீங்காவிடினே கழற்றிப் பார்த்தல் தகும்.

மூன்றாவது மரபு தட்டுகளின்றிப் பற்சில்லுகளையே நம்பியது. அமெரிக்கரான வேர்னன் கிளீஸ்மன் 1958 இல் உரிமைப்பதிவு பெற்ற இவ்வமைப்பு பின்னர் டோர்சன் என்ற பெயராற் புகழ்பெற்றது; 1980களின் பிற்பகுதியில் அவுடி கார்களின் மைய டிபரன்சியலாகவும் அமைந்தது. பிடிப்பற்ற சில்லு தாங்கும் விசையைக் குறித்த மடங்காகப் பெருக்கி மற்றச் சில்லுக்கு அளிப்பது இதன் இயல்பு. ஆனால் ஒரு சில்லு தரையை விட்டு முற்றாக எழும்புமாயின் அது தாங்கும் விசை ஏறத்தாழப் பூச்சியம். பூச்சியத்தை எம்மடங்காற் பெருக்கினும் பூச்சியமே. எனவே அந்நிலையில் அச்சில்லு வீணே சுழல்வது பழுதன்று, இயல்பு. தேர்ந்த சாரதி பிரேக்கைச் சற்று அழுத்தி அச்சில்லுக்குச் சுமையேற்றுவான், மற்றது விசைபெறும்.

நான்காவது மரபு, பாகுத்தன்மை மிக்க சிலிக்கோன் திரவத்தை இடைப்படுத்தியது. 1986 இல் வெளிவந்த போர்ட் சியெரா ஆர்.எஸ். கொஸ்வேர்த் இத்தகைய பின் டிபரன்சியலைக் கொண்டிருந்தது. இங்கு இரு சில்லுகளின் வேகமும் முதலில் வேறுபட்டாலன்றித் தடை பிறக்காது. ஆகவே சிறு தாமதம் இதன் பிறவிக்குணம். திரவம் முதுமையுற்றுத் தன் தன்மையை இழக்கும்போதே தடை அற்றுப்போகின்றது. மிகுவெப்பத்தில் திடீரெனப் பூட்டிக்கொள்வதும் உண்டு. முத்திரையிட்ட தொகுதியாதலால் இதனைத் திருத்துவதிலும் மாற்றுவதே வழக்கம்.

இம்மரபு வேறுபாட்டைக் கருதாத சோதனை எவ்வாறு மயக்கும் என்பதற்குக் கராஜ்களில் வழங்கும் ஒரு முறையே சான்று. இரு பின்சில்லுகளையும் உயர்த்தி, கியரை நியூட்ரலில் விட்டு ஒன்றைக் கையாற் சுழற்றுவர். மற்றது அதே திசையிற் சுழன்றால் நன்று, எதிர்த்திசையிற் சுழன்றால் பழுது என்பர். முன்னழுத்தமுள்ள தட்டு வகைக்கு இது ஓரளவு பொருந்தும். முன்னழுத்தமில்லாத பற்சில்லு வகையிலோ பழுதேதுமின்றியே எதிர்த்திசைச் சுழற்சி காணப்படலாம். 1989 இல் அறிமுகமான மஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் 1.6 லீற்றர் மாதிரிகள் சில பாகுத்திரவ வகையைப் பெற்றிருந்தன, பின்வந்த 1.8 லீற்றர் மாதிரிகள் சில டோர்சனைப் பெற்றன. தோற்றத்தில் ஒரே கார். அச்சினுள் வேறு மரபுகள். ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் தவறு.

தட்டு வகைக்கு இதனினும் நம்பத்தக்க சோதனை உண்டு. ஒரு பின்சில்லைத் தரையில் நிறுத்தி, வாகனம் உருளாதவாறு சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஹாண்ட் பிரேக்கைத் தளர்த்தி, நியூட்ரலில் மற்றச் சில்லை முறுக்குவிசை காட்டும் சாவியினால் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அது அசையத் தேவையான விசையை அக்காருக்குத் தயாரிப்பாளர் விதித்த அளவோடு ஒப்பிடலாம். ஆனால் ஒரு சில்லை மாத்திரம் உயர்த்தி எஞ்சினை இயக்கிக் கியரில் இடுதல் எக்காலத்தும் ஆகாது. பொது டிபரன்சியலாயின் உயர்ந்த சில்லு சுழலும். இவ்வகையிலோ தரையிலுள்ள சில்லும் விசைபெறுவதால் கார் ஜாக்கிலிருந்து பாய்ந்துவிடும். மரபறியாமை இங்கு பணவிரயத்தோடு நில்லாது உயிராபத்தாகின்றது.

ஆய்வில் வரிசைமுறையும் முக்கியமானது. ஒரே அச்சிலுள்ள இரு ரயர்களும் அளவாலோ தேய்வாலோ வேறுபடின் நேர்வீதியிலும் டிபரன்சியல் ஓயாது உழைத்துத் தேயும். ஆதலின் ரயர்களே முதலில் நோக்கப்படல் வேண்டும். அடுத்தது எண்ணெய். பின்னர் ஒலியின் இயல்பைப் பகுத்தறிதல் வேண்டும்: விசை கொடுக்கும்போதும் விடும்போதும் சுருதி மாறும் ஓலம் பெரும்பாலும் முதன்மைப் பற்சில்லுகளினது; வேகத்தோடு உயரும் இரைச்சல் பெரும்பாலும் சில்லுத் தாங்கியினது; மெதுவான திருப்பத்தில் எழும் நடுக்கமே தட்டுகளைச் சுட்டுவது. இவற்றைக் கடந்த பின்னரே உறுப்பைப் பிரித்தல் முறையாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, நான்கு மரபுகளும் ஒரே வினாவிற்கு அளிக்கப்பட்ட நான்கு விடைகள் என்பது புலனாகும். ஒவ்வொரு விடையும் தனக்கேயுரிய குறையைத் தன்னுள் கொண்டுள்ளது. எது பழுது, எது பிறவிக்குணம் என்ற வேறுபாட்டை உறுப்பைப் பார்த்த மாத்திரத்தில் அறிய முடியாது. அது எத்தேவைக்காக, எவ்வழியில் உருவானது என்று அறிந்தாலன்றி அது விளங்காது. சான்றுகளைத் திரட்டி, அவற்றை அவற்றின் சூழலில் வைத்து மதிப்பிட்டு, முடிவை இறுதியிற் கூறுதல் வரலாற்றாசிரியனின் நெறி. கராஜில் எண்ணெய் படிந்த கையோடு நிற்பவனுக்கும் அதுவே நெறி. கலைப்பீடத்தில் நாம் பயிலும் முறையியல் ஏட்டோடு முடிவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதின்று.