ஆடு புலி ஆட்டம்

இருவர் ஆடும் கட்ட ஆட்டம். ஒருவருக்கு 3 புலி, மற்றவருக்கு 15 ஆடு. தமிழ்நாட்டில் திண்ணை, கோயில் மண்டபம், மேய்ச்சல் காடு என எங்கும் ஆடப்பட்டது. ஆட்டுக்கிடையும் மலைமாடும் கண்ட தேனி, கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இந்தக் காய்களை விளக்க வேண்டியதில்லை. எளியோர் பலர் கூடி வலியோர் சிலரை மடக்குவதையே விதியாக்கியிருப்பதால், கூட்டுப் போராட்டத்தைச் சொல்லும் உத்தி ஆட்டங்களின் வரலாற்றில் இதற்கு இடமுண்டு.

தோற்றம்: பாறைகளிலும் கோயில் தளக்கற்களிலும் கட்டம் வெட்டப்பட்டிருப்பதைக் காட்டி, ஆட்டம் மிகப் பழையது என்பர். கோயில் எழும்பிப் பல தலைமுறை கழித்தும் ஒருவர் தளத்தில் கோடு கீறியிருக்கலாம் என்பது மறுப்போர் வாதம். நேபாளத்தின் பாக் சால் (4 புலி, 20 ஆடு) இதன் நெருங்கிய உறவு. ஆந்திரம், கருநாடகம், மலாய் நாடுகளிலும் இனமான ஆட்டங்கள் உண்டு. இலங்கையின் சிறுத்தை ஆட்டங்களை ஹென்றி பார்க்கர் 1909இல் பதிவு செய்தார். 1952இல் பலகை ஆட்ட வரலாற்றாளர் எச்.ஜே.ஆர். மரே இவற்றையும் ஐரோப்பாவின் நரி–வாத்து ஆட்டத்தையும் வேட்டை ஆட்டங்கள் என்ற ஒரே வகையில் வைத்தார். எது எங்கிருந்து பரவியது என்பதில் உடன்பாடில்லை.

அமைப்பு: உச்சிப்புள்ளியிலிருந்து 4 சாய்கோடுகள் இறங்கி அடிக்கோட்டைத் தொடும். இடையில் 3 குறுக்குக்கோடுகள் அவற்றை வெட்டி இருபுறமும் நீளும். உச்சியில் 1, குறுக்குக்கோடுகளில் 18, அடியில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். கரியோ சுண்ணாம்போ கொண்டு கோடு கிழித்து, புளியங்கொட்டையை ஆடாகவும் பெரிய கல்லைப் புலியாகவும் வைத்துக்கொள்வார்கள்.

புலிகள் தொடக்கத்திலேயே களத்தில் நிற்கும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலிக்கு அந்தத் தடை இல்லை. பக்கத்து ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அப்பாலுள்ள வெற்றிடத்தில் குதித்தால் அந்த ஆடு வெட்டுப்படும். ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. அதற்குள்ள ஒரே காப்பு, பின்னால் இன்னொரு ஆடு நிற்பது. தாண்டி விழ இடமில்லாவிட்டால் புலி முன்னால் நிற்கும் ஆட்டைத் தொட முடியாது. மூன்று புலிகளும் அசைய வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்காரர் வென்றார். எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்காரருக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும்.

ஓர் ஆடும் சாகாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் மீதியிருப்பது 5 வெற்றிடம் மட்டுமே. அதற்குள் புலியை ஓரத்துக்குத் தள்ளுவதுதான் ஆட்டுக்காரரின் திறமை. முந்திக்கொண்டு தனியே இறங்கிய ஆடு போய்விடும் என்பதைச் சிறுவர்கள் இரண்டு ஆட்டத்திலேயே கற்றுவிடுகிறார்கள். ஒற்றுமை இங்கே அறிவுரையாக வருவதில்லை, கட்டத்தின் கணக்காகவே இருக்கிறது. இந்த அமைப்பின் அழகு அதுதான். ஆனால் இதில் அதிகார எதிர்ப்பைக் காண்பது பிற்கால வாசிப்பு, மந்தை காப்பவரின் அன்றாடக் கவலையே மூலம் என்று கருதுவோரும் உண்டு.

இருபுறமும் பிழையின்றி ஆடினால் பாக் சால் சமனில் முடியும் என்று கணினி ஆய்வு காட்டியுள்ளது. கட்டம் வேறு என்பதால் தமிழக வடிவத்துக்கு அம்முடிவை அப்படியே பொருத்த இயலாது.

பிற்காலம்: போராட்டத்தையே பொருளாகக் கொண்ட ஆட்டங்கள் பின்னர் வேறு நாடுகளிலும் வந்தன. பிரிட்டனில் வாக்குரிமை கேட்ட பெண்கள் 1908 வாக்கில் ‘சஃப்ரஜெட்டோ’ என்ற பலகை ஆட்டத்தை வெளியிட்டனர், அதில் எதிரணி காவல்துறை. 1978இல் அமெரிக்கப் பேராசிரியர் பெர்ட்டல் ஓல்மன் ‘வர்க்கப் போராட்டம்’ ஆட்டத்தைக் கொண்டுவந்தார். இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றிய புரூஸ் மான்ஸ்ஃபீல்டின் ‘காந்தி’ 2019இல் வந்தது. அதில் பிரிட்டிஷ் அரசு, காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர் என நான்கு அணிகள்.

ஆடு புலி ஆட்டம் இப்போது கைப்பேசிச் செயலியாகவும் கிடைக்கிறது.