பங்சாவான்: பெயரில் உயர்குடி, ஊர்வாயில் கூத்தாடி



நம் செந்தூலில் பழைய இரயில்வே கட்டடமொன்று 2005-ஆம் ஆண்டு நாடக அரங்கமாயிற்று. பிள்ளை அங்கே மேடையேறினால் பெற்றோர் பெருமையோடு படம் எடுக்கின்றனர். நூறாண்டுகளுக்கு முன் இந்த மலாயாவில் மேடையேறிய பெண்ணுக்கோ கிடைத்த பெயர் வேறு.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து, இந்துஸ்தானியில் பாடி நடித்தன. மொழி புரியாதவர்களும் பாட்டிலும் வண்ணத் திரைகளிலும் மயங்கினர். அக்கலையை மலாய் மொழிக்குக் கொணர்ந்தவர் மாமாக் புஷி. (மாமாக் என்பது நம் 'மாமா' என்னும் முறைச்சொல்லிலிருந்து வந்ததென மாணவர்களுக்குச் சொல்லலாம்.) 1885-இல் அவர் அமைத்த குழுவே முதல் பங்சாவான் குழுவாகக் கருதப்படுகிறது.

எழுதி வைத்த உரையாடல் கிடையாது. கதைச் சுருக்கத்தைக் கேட்டுக்கொண்டு, நடிகர்கள் மேடையிலேயே பேச்சை இயற்றினர். இன்று அராபியக் கதை, நாளை இந்தியக் கதை, மறுநாள் ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட்! காட்சி மாறும் இடைவேளையில் 'எக்ஸ்ட்ரா டர்ன்' எனப்பட்ட பாட்டும் நடனமும் கோமாளி வேடிக்கையும் நடைபெறும். கதைக்கும் அதற்கும் தொடர்பே இராது. அதற்கென்றே வந்த இரசிகர்களும் உண்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லாரும் ஒரே கொட்டகையில் அமர்ந்தனர்.

மலாய் மொழியில் பங்சாவான் என்றால் உயர்குடி. அரசரும் அரசியும் உலவும் கதைகள் அல்லவா! ஆயினும் அரசி வேடம் புனைந்த பெண்ணைத் தம் வீட்டு வாசலில் ஏற்க உயர்குடியினர் தயங்கினர். 'ஸ்ரீ பங்கோங்' எனப்படும் தலைமை நடிகையின் பெயருக்கே கொட்டகை நிரம்பும். ஊர் ஊராகச் செல்லும் வாழ்க்கை, இரவுத் தொழில், அந்நிய ஆடவர்முன் ஆட்டம் ஆகியவை அவள்மீது பழி சுமத்தப் போதுமானவையாயின. அவளைக் காணச் சீட்டு வாங்கிய ஆடவர்மீது அப்பழி விழவில்லை!

தமிழகத்திலும் இதே நிலைதான். கும்பகோணம் பாலாமணி அம்மையார் பெண்களையே கொண்டு நாடகக் குழு நடத்தினார். அவருடைய நாடகத்துக்கு வருவோருக்காகத் தனி இரயில்கள் விடப்பட்டன என்பர். குழுவை நிருவகித்த அவர் திறமையைவிட, 'தாரா சசாங்கம்' நாடகத்தில் அவர் அணிந்த மெல்லிய உடையைப் பற்றிய பேச்சே இன்றளவும் நிலைத்திருக்கிறது. இஃது எனக்கு ஏற்புடையதன்று.

பேசும்படம் வந்தபோது, ஊரார் இகழ்ந்த அந்த மேடையில்தான் ஆட்களைத் தேட வேண்டியிருந்தது. பி. எஸ். ராஜ்ஹான்ஸ் சிங்கப்பூரில் 1933-இல் இயக்கிய 'லைலா மஜ்னூன்' என்னும் மலாய்ப் படத்தில் நடித்தவர்கள் பங்சாவான் கலைஞர்களே.