கொங்கு நாட்டின் கேசட் காலம்

மேட்டுப்பாளையத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ரயிலில்தான் தொடங்குவார்கள். 1873இல் போத்தனூரிலிருந்து வந்து சேர்ந்த இருப்புப்பாதை, 1899இல் குன்னூர் வரை ஏறிய பல்சக்கரப் பாதை, உருளைக்கிழங்கு மண்டிகள், பாக்கு வணிகம் என்று அது விரியும். இவை கண்ணால் கண்ட வரலாறு. காதால் கேட்ட வரலாறு ஒன்றும் இந்த ஊருக்கு உண்டு. அது அதிகம் எழுதப்படவில்லை. 1980களில் மேட்டுப்பாளையமும் அதைச் சுற்றியுள்ள காரமடை, சிறுமுகை, அன்னூர், புளியம்பட்டி வட்டாரமும் எதைக் கேட்டன, எதன் வழியே கேட்டன, அந்தக் கேள்வி ஞானம் நம்மை எப்படி மாற்றியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அதற்கு முன்பு, ஒரு பாட்டு எப்போது ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் தொலைவில் இருந்தார்கள். 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் விலகியபோது, தமிழ்நாடு கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. 1957இல் விவித பாரதி வந்த பிறகும் இலங்கை வானொலியின் மவுசு குறையவில்லை. விருப்பப் பாடலுக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயர் வாசிக்கப்படுமா என்று வாரக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது. இசைத்தட்டு வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. மற்றவர்களுக்குக் கோயில் நோம்பியோ கல்யாணமோ வந்தால்தான் பாட்டு. ரேடியோ செட்டுக்காரர் வந்து தென்னை மரத்தில் குழாயைக் கட்டுவார். அவர் பெட்டியில் இருக்கும் தட்டுகள்தான் ஊருக்கே இசை.

அந்தக் குழாய்கள் கொங்குக் கிராமங்களை எட்டியதற்குப் பைக்காராவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1932இல் அந்த நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. கிணற்று மோட்டாருக்காக இழுத்த கம்பி ஒலிபெருக்கிக்கும் பயன்பட்டது. கோவையில் ஜி.டி. நாயுடுவின் யு.எம்.எஸ். நிறுவனம் வானொலிப் பெட்டியையே செய்து விற்றிருக்கிறது. எந்திரத்தைப் பிரித்துப் பார்க்க அஞ்சாத மண் இது. புதுக் கருவி ஒன்று வந்தபோது அதைப் பழுதுபார்க்கும் கையும் இங்கேயே இருந்தது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகம் செய்தது. அது நம்மூர் டீக்கடைக்கு வந்து சேர ஏறத்தாழ இருபதாண்டு ஆயிற்று. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன் பெட்டிகள், 1980களின் தொடக்கத்தில் மின்னணுப் பொருள்கள் மீது தளர்ந்த கட்டுப்பாடுகள், உள்நாட்டிலேயே மலிவாகத் தயாரான நாடா ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதைச் சாதித்தன. நான்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலம், நொடிக்கு 4.76 செ.மீ. வேகம், அறுபது நிமிடக் கேசட்டுக்கு ஏறத்தாழ 90 மீட்டர் நாடா. இசைத்தட்டை வாங்கியவர் கேட்க மட்டுமே முடியும். கேசட்டில் பதியலாம், அழிக்கலாம், மறுபடியும் பதியலாம். என்ன கேட்பது என்னும் முடிவு நிலையங்களிடமிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் கேட்பவர் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் பண்பாட்டு மாற்றங்களில் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன்.

பேருந்து நிலையங்களின் அருகே ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் சில நாளில் பதிந்து தருவார்கள். அந்தப் பட்டியலை எழுதுவது லேசான வேலை அல்ல. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் மீதி மூன்று நிமிடத்துக்கு எது பொருந்தும்? சோகப் பாட்டுக்கு அடுத்து எதை வைப்பது? ஜானகியின் பாட்டுகளை ஒரே பக்கத்தில் சேர்ப்பதா, பாலசுப்ரமணியத்தோடு மாற்றி மாற்றி வைப்பதா? மண்டியில் மூட்டை தூக்கியவரும் தறியில் உட்கார்ந்தவரும் இப்படி யோசித்தார்கள். ரசனை என்பது படித்தவர்களின் சொத்து என்று நினைத்தவர்கள் அந்தப் பட்டியல்களைப் பார்த்திருக்க வேண்டும்.

பட்டியல்களில் பெரும்பகுதி இளையராஜாவின் பாடல்கள். அவருடைய முதல் படமான ‘அன்னக்கிளி’ (1976) நமக்கு அயலாகவே, பவானிசாகருக்கு அப்பால் மாயாற்றங்கரைத் தெங்குமரஹாடாவில் படமாக்கப்பட்டது. அவருடைய இசைக்கும் கேசட்டுக்கும் ஒரு தொழில்நுட்பப் பொருத்தம் இருந்தது. குழாய் ஒலிபெருக்கி இடைப்பட்ட ஒலிகளை மட்டுமே உரக்கக் கொடுக்கும். அடித்தளத்தில் நடக்கும் பாஸ் கிட்டார் அதில் காணாமல் போகும். இரண்டு ஸ்பீக்கர் வைத்த ஸ்டீரியோ பெட்டியில்தான் அது தனியாகக் காதில் விழுந்தது. அவர் எழுதிய வயலின் அடுக்குகளைப் பாமர மக்கள் பிரித்துக் கேட்டது அப்போதுதான்.

பேருந்துகளும் இதில் பங்கெடுத்தன. 1972இல் உருவான சேரன் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளில் பாட்டு கிடையாது. கோவை, சத்தி, பொள்ளாச்சித் தடங்களில் ஓடிய தனியார் வண்டிகள் பாட்டை வைத்தே ஆள் சேர்த்தன. முதலில் வந்த வண்டியை விட்டுவிட்டு, நல்ல செட் உள்ள வண்டிக்காக நின்றவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். சிறுமுகையின் கைத்தறிக் கூடங்களிலும் டேப் ரெக்கார்டர் இடம்பிடித்தது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிச் சத்தத்தில் எந்தப் பாட்டும் எடுபடாது. கைத்தறியின் தாளத்தோடு பாட்டு இணைந்து போகும்.

பாட்டைவிட ஆழமாகப் பதிந்தது வசனம். ‘திருவிளையாடல்’ (1965) போன்ற படங்களின் வசனத் தட்டுகள் முன்பே இருந்தன. கேசட் அதைப் பெருக்கியது. கே. விஜயன் இயக்கி ஆரூர்தாஸ் வசனம் எழுதிய ‘விதி’ (1984) படத்தின் நீதிமன்ற வாதங்கள் கல்யாண வீடுகளிலும் டீக்கடைகளிலும் திரும்பத் திரும்ப ஒலித்தன. ஏமாற்றப்பட்ட ஒரு பெண் நீதி கேட்டு வழக்காடும் கதையைத் திரையரங்குக்கே போகாத பெண்களும் சொல்லுக்குச் சொல் அறிந்திருந்தார்கள்.

அதே ஆண்டில் வந்தது ‘வைதேகி காத்திருந்தாள்’. ஏ. வீரப்பன் எழுதிய நகைச்சுவைப் பகுதிகளைக் கவுண்டமணி பேசினார். அவர் உடுமலைக்கு அருகில் வல்லக்குண்டாபுரத்துக்காரர். வெள்ளாங்கோயில் பாக்கியராஜ், சூலூர் மணிவண்ணன், கோவை சத்யராஜ், கோவை சரளா என்று நம் பக்கத்துப் பேச்சு திரைக்கு வந்த பத்தாண்டு அது. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் ‘நாகம்மாள்’ நாவலில் கொங்கு வழக்கை அச்சேற்றியபோது அதை வாசித்தவர்கள் சிலர். கவுண்டமணியின் குரலை நாடாவில் கேட்டவர்கள் தமிழ்நாடு முழுவதும் இருந்தார்கள். திரையில் ஒருமுறை பார்த்தால் சிரிப்பு நிற்கும்; நாடாவில் நூறுமுறை கேட்டால்தான் இழுப்பும் நிறுத்தமும் மனப்பாடம் ஆகும். வெளியூரில் படிக்கப் போன நம் பிள்ளைகள் தங்கள் பேச்சுக்குக் கூச்சப்படுவது குறைந்ததில் அந்த நாடாக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

பக்தியும் பழங்கதையும் நாடாவில் ஏறின. வாரியாரின் சொற்பொழிவுகளும் புலவர் கீரனின் உரைகளும் விடியற்காலையில் வீடுகளில் கேட்டன. 1960களின் நடுவில் கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணமார் கதையை உடுக்கைப் பாடகரிடம் கேட்டுப் பதிவு செய்தார். 1982இல் அதைப் பற்றி ஆய்வுநூல் எழுதினார். ஆய்வாளரின் கையில் மட்டும் இருந்த அந்தக் கருவி பின்னர் ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது. தங்கள் பூசாரியின் பாட்டை, பாட்டியின் ஒப்பாரியை, கல்யாணத்தில் பாடிய மங்கல வாழ்த்தை அவர்களே பதிந்து வைத்தார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பட்டியல் கொடுத்துப் பதிந்தவற்றில் இசையமைத்தவருக்கோ பாடியவருக்கோ காசு போகவில்லை. 1984இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. ஒலிப்பதிவுகளின் உறையில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்றானது. சின்ன ஊர்க் கடைகளில் அது பெரிதாக எடுபடவில்லை. கலைஞர்களுக்கு அதனால் நேர்ந்த இழப்பு உண்மையானது.

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கியது. கேபிள் வந்த வீடுகளில் காதின் இடத்தைக் கண் பிடித்துக்கொண்டது. பிறகு குறுந்தகடு வந்தது. 2000இல் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியை நிறுத்தின. ரெக்கார்டிங் சென்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்போன் கடைகளாயின.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். காந்த நாடா சாகாவரம் பெற்றதல்ல. ஈரத்தில் அதன் பூச்சு இளகும், பூஞ்சை பிடிக்கும். நம் வட்டாரக் கேசட்டுகள் நாற்பது மழைக்காலம் கண்டவை. பரணில் இருப்பவற்றைத் தூக்கி எறியாமல், விவரம் தெரிந்தவரைக் கொண்டு கணினியில் ஏற்றிவிடுங்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கூடவே எழுதி வையுங்கள். திரைப்பாடல்கள் வேறு எங்கும் கிடைத்துவிடும். உங்களிடம் ஒரே பிரதியாக இருக்கும் உடுக்கைப் பாட்டையும் ஒப்பாரியையும் பெரியவர்களின் பேச்சையும் முதலில் எடுங்கள்.