மூவாயிரம் பேருக்கு மட்டும் இருந்த வாக்கு: 1911 தேர்தலும் நாமும்



தேர்தல் நெருங்கினால் நம்மவர்களிடையே இரண்டு பேச்சு அடிபடும். "எங்கட ஆளுக்கே போட வேண்டும்" என்பது ஒன்று. "அந்தக் காலத்தில் சிங்கள ஆக்களே ஒரு தமிழருக்கு வாக்குப் போட்டு சபைக்கு அனுப்பினார்கள், இப்போதுதான் எல்லாம் கெட்டுவிட்டது" என்பது மற்றது. இந்த இரண்டாவது பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1911 டிசம்பர் தேர்தல். பொன்னம்பலம் இராமநாதன் வென்ற தேர்தல் அது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் "குறூ–மக்கலம் சீர்திருத்தம், கற்ற இலங்கையருக்கு ஓர் ஆசனம்" என்று பாடமாக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நாம் அந்தப் பக்கத்தில் சற்று நின்று பார்ப்போம். அதில் நமக்கும் ஒரு கதை இருக்கிறது.

சட்டநிரூபண சபை 1833இல் வந்தது. உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்கள் ஆறு பேர்: ஐரோப்பியர் மூவர், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவர். எல்லோரும் தேசாதிபதி நியமித்தவர்கள். கொழும்பு மாநகர சபைக்கு 1866 முதல் தேர்தல் நடந்ததுதான், ஆனால் அது வீடு வளவு உள்ளவர்களின் விவகாரம். தீவு முழுவதையும் ஒரே தொகுதியாக்கி, இலங்கையர் ஒருவரை வாக்கால் தெரிவு செய்யும் ஏற்பாடு 1910ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது.

அதையும் விருப்பத்தோடு கொடுக்கவில்லை. படித்தவர்கள் ஒரு சிறு கூட்டம், அவர்கள் நாட்டு மக்களுக்காகப் பேச முடியாது என்பது தேசாதிபதி ஹென்றி மக்கலத்தின் எண்ணம். இலண்டனில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த குறூ பிரபு ஓர் ஆசனத்துக்கு இணங்கினார். புதிய சபையில் 21 பேர். உத்தியோகத்தர் 11, மற்றவர்கள் 10. அந்தப் பத்தில் தெரிவு செய்யப்படுபவர்கள் நால்வர்: ஐரோப்பியருக்கு இரண்டு, பறங்கியருக்கு ஒன்று, கற்ற இலங்கையருக்கு ஒன்று. மீதி ஆறும் நியமனம். கரையோரச் சிங்களவர் இருவர், தமிழர் இருவர், கண்டியச் சிங்களவர் ஒருவர், முஸ்லிம் ஒருவர்.

1911 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் 41 இலட்சம் பேர். கற்ற இலங்கையர் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களோ மூவாயிரத்துக்கும் குறைவு. ஆங்கிலக் கல்வி இல்லாதவருக்கு வாக்கில்லை. பெண்களுக்கு அறவே இல்லை. ஆக, "சிங்கள மக்கள் தமிழருக்கு வாக்களித்தார்கள்" என்று சொல்லும்போது "மக்கள்" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனித்துத்தான் பாவிக்க வேண்டும்.

போட்டியிட்டவர்கள் இருவர். இராமநாதனுக்கு அப்போது வயது 60. 1879 முதல் 1892 வரை தமிழர் பிரதிநிதியாக அதே சபையில் இருந்தவர், பின்னர் சொலிசிட்டர் ஜெனரல். கொச்சிக்கடையில் தகப்பனார் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலை அவர் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்த காலமும் இதுதான். எதிரே நின்றவர் வைத்தியர் மார்கஸ் பெர்னாண்டோ, செல்வந்தர் சார்ல்ஸ் டி சொய்சாவின் மருமகன். முடிவு: இராமநாதனுக்கு 1,645, பெர்னாண்டோவுக்கு 981.

வாக்காளர்களில் சிங்களவர்களே அதிகம். அப்படியிருந்தும் தமிழர் வென்றார். இன ஒற்றுமைதான் காரணமா? ஓரளவுக்கு இருக்கலாம், இராமநாதனின் பெயரும் அனுபவமும் சிறியவையல்ல. ஆனால் பெர்னாண்டோ கராவ சாதியைச் சேர்ந்தவர். கொவிகமப் பெரிய குடும்பங்கள் பல, கராவ சிங்களவர் ஒருவரைவிட உயர்சாதித் தமிழர் மேல் என்று கணக்குப் போட்டன என்பதை வரலாற்றாசிரியர்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். சாதிக் கணக்கை மறந்துவிட்டு அந்த வெற்றியைப் பொற்காலம் என்று கொண்டாடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

இனி நம்முடைய கதை. அந்தக் காலத்து முஸ்லிம் படிப்பாளிக்கு இராமநாதன் என்ற பெயர் வேறொன்றையும் நினைவூட்டியிருக்கும். 1885இல் முஸ்லிம் விவாகப் பதிவு பற்றிய விவாதத்தில் அவர், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்றார். 1888இல் அதையே றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஆய்வுரையாக வாசித்தார். மொழியையும் பழக்கவழக்கங்களையும் உருவ அமைப்பையும் சான்றாகக் காட்டினார். சபை விரிவாக்கப்படப் போகிறது, முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைக்கலாம் என்ற பேச்சு இருந்த நேரம் அது. நீங்கள் தமிழர்தான் என்றால் தனி ஆசனம் எதற்கு? நம் முன்னோர் அந்த உரையை அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். ஆனாலும் 1889இல் தேசாதிபதி ஆதர் கோர்டன் காலத்தில் முஸ்லிம் ஆசனம் கிடைத்தது. எம். சி. அப்துர் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினரானார்.

1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் ஒரு நூலாகவே மறுப்பு எழுதினார். பேசும் மொழியை வைத்து இனத்தைத் தீர்மானிக்க முடியாது, நம் மூதாதையர் அறபிகள் என்பது அவருடைய வாதம். தனி ஆசனம் கிடைக்காமல் செய்வதே இராமநாதனின் நோக்கம் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அஸீஸ் அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனாலும் அவர் வாதம் முழுவதையும் இன்று அப்படியே ஏற்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தோடும் கீழக்கரையோடும் நமக்கிருந்த கொள்வினை கொடுப்பினையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அடித்துச் சொல்வதானால், அந்தச் சண்டை வம்சத்தைப் பற்றியதைவிட ஓர் ஆசனத்தைப் பற்றியது. இரண்டு பக்கமும் வரலாற்றை அந்த ஆசனத்தின் அளவுக்கு வெட்டித் தைத்தார்கள்.

சரி, 1911இல் அந்த இராமநாதனுக்கு எதிராகவோ ஆதரவாகவோ வாக்குப் போட நம்மில் எத்தனை பேர் இருந்தார்கள்? நாட்டில் முஸ்லிம்கள் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். வாக்குரிமைக்கோ ஆங்கிலப் படிப்பு வேண்டும். ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றால் மிஷன் பள்ளிக்கூடம், பிள்ளை ஈமான் இழந்துவிடும் என்று பெற்றார் பயந்தார்கள். பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. மர்ஹூம் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிக் கல்வி கல்வி என்று எழுதியதும், அவரும் ஒறாபி பாஷாவும் வாப்பிச்சி மரைக்காரும் முன்னின்று 1892இல் மருதானையில் ஸாஹிராவைத் தொடங்கியதும் இதற்காகத்தான். 1911இல் ஸாஹிராவுக்கு வயது 19. அதன் முதல் தலைமுறை அப்போதுதான் ஆளாகிக்கொண்டிருந்தது. தேர்தல் நம் வீட்டு வாசலால் போனபோது கதவைத் திறந்து பார்க்கக்கூட நம்மில் அதிகம் பேருக்கு வழி இருக்கவில்லை.

இந்தியாவில் 1909இலேயே மிண்டோ–மோர்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கொடுத்துவிட்டது. இங்கே நமக்கு நியமனம்தான். தேசாதிபதிக்குப் பிடித்தவர் நம் பிரதிநிதி. நியமனம் எவ்வளவு மெல்லிய நூல் என்பது 1915 கலவரத்தில் தெரிந்தது. நம் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. பின்னர் இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்த அட்டூழியங்களுக்காக இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காகச் சபையிலும் இலண்டனிலும் வாதாடினார். திரும்பி வந்தபோது அவருடைய வண்டியைச் சிங்களப் பிரமுகர்கள் தாங்களே இழுத்துச் சென்றார்கள். இராணுவச் சட்டத்தின் கொடுமை உண்மை, அதை எதிர்த்தது துணிச்சல். ஆனால் அடிபட்ட முஸ்லிமின் துயரம் அந்த வாதத்தில் ஓரத்துக்குப் போய்விட்டது என்ற மனத்தாங்கல் நம் பெரியவர்களிடம் பல காலம் இருந்தது. தன்னைத் தெரிவு செய்தவர்களுக்காக அவர் பேசினார். அந்தப் பட்டியலில் நம் பெயர்கள் எத்தனை இருந்தன என்பதையும் சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

நியமனம் 1924இல் முடிந்தது. முஸ்லிம்களே வாக்களித்து மூவரை அனுப்பினார்கள்: எச். எம். மாக்கான் மாக்கார், என். எச். எம். அப்துல் காதர், ரீ. பி. ஜாயா. ஏழு வருடம் போகவில்லை, டொனமூர் அரசியலமைப்பு இனவாரித் தொகுதிகளையே நீக்கி 21 வயதான எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தது. சர்வஜன வாக்குரிமையை எதிர்த்தவர்களில் இராமநாதனும் ஒருவர். அதன்படி நடந்த முதல் தேர்தலை அவர் காணவில்லை, 1930 நவம்பரில் காலமானார். 1931இல் நம் உம்மம்மாமார் காலத்துப் பெண்களுக்கும் வாக்குச் சீட்டு கிடைத்தது. அந்தத் தேர்தலில் நாடு முழுவதிலும் வென்ற முஸ்லிம் ஒரே ஒருவர். மட்டக்களப்புத் தெற்கில் மாக்கான் மாக்கார். ஆசனத்துக்காக ஐம்பது வருடம் எழுதியும் பேசியும் வாதாடிய கொழும்பிலிருந்து நம்மவர் ஒருவரும் தெரிவாகவில்லை.