கசப்புக் கீரையும் தலையணையும்

பிள்ளைகளைக் கஷ்டம் தெரிய வளர்ப்பதா, தெரியாமல் வளர்ப்பதா என்று எங்கள் காலை நடைக் கூட்டத்தில் அடிக்கடி வழக்கு வரும். சின்ன வயதிலேயே பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர்கள் ஒரு கட்சி. நாம் பட்டது போதும் என்பவர்கள் மறு கட்சி. இந்த வழக்கில் யூதர்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

நம்மூர் கிறிஸ்தவர்கள் பாஸ்கா என்பார்களே, அந்தப் பண்டிகைதான். எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர்கள் விடுதலையான இரவு. அன்று பிள்ளைகளுக்கும் கசப்புக் கீரை கொடுப்பார்கள்; அடிமை வாழ்வின் கசப்பாம். ஆனால் உட்காருவது அடிமை மாதிரி அல்ல, தலையணையில் சாய்ந்து, சுதந்திர மனிதராக! வீட்டின் கடைக்குட்டி காரணம் கேட்க வேண்டும், பெரியவர்கள் கதை சொல்ல வேண்டும். கஷ்டத்தை ஒரு வாய் ருசி காட்டுகிறார்கள். பிள்ளையைப் பட்டினி போடுவதில்லை. நடுக்கால ஐரோப்பாவில் முதல் நாள் படிக்கப் போகும் குழந்தைக்கு எழுத்துப் பலகையில் தேன் தடவி நக்கச் சொன்னார்கள். நாம் அரிசியில் எழுத வைக்கிறோம், அவர்கள் எழுத்தையே தின்னக் கொடுத்தார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு யூதர் என்றால் திரேய்ஃபூஸ் வழக்குதான். பக்கத்துக் கொச்சியில் அவர்கள் இருந்ததே பிற்பாடுதான் தெரியும். பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாக ரயிலேறினால் போய்விடலாம். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது.

அங்கேதான் மனம் உறுத்தும் சங்கதி. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒரு பிரிவாரை அதே ஆலயத்தில் பெஞ்சில் உட்கார விடவில்லை. அவர்களுக்குத் தரைதான் இடம். வேதம் வாசிக்கவும் அழைப்பதில்லை. வருஷா வருஷம் எகிப்தின் அடிமைக் கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள், அடுத்தவர் பிள்ளையைத் தரையில் உட்கார வைத்தார்கள். அது ருசி காட்டிய கசப்பு அல்ல, தினப்படிச் சாப்பாடு.

அந்தப் பிரிவில் 1882-ல் பிறந்தவர் ஏ.பி. சேலம். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியிலும், பிறகு சென்னையிலும் படித்து வக்கீலானார். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1929 லாகூர் காங்கிரசுக்கும் போய் வந்தார். ஊருக்குத் திரும்பினால் ஆலயத்தில் அதே தரை. முதலில் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திப் பார்த்தார். பிறகு உள்ளேயே சத்தியாக்கிரகம். யூத காந்தி என்று பெயர் வந்தது அதனால்தான். தடைகள் ஒன்றொன்றாகத் தளர்ந்தன. 1950-ல் அவர் மகன் ஒருவர் மறு பிரிவுப் பெண்ணை மணந்தார். அந்தக் கல்யாணத்தைப் பம்பாய் போய்த்தான் நடத்த வேண்டியிருந்தது.

சேலம் 1967-ல் காலமானார். மட்டாஞ்சேரியில் இன்று ஒரு தெருவுக்கே அவர் பெயர்.